ஜெர்மனியில் ஆட்டோமேட்டிக்கில் பாஸ் பண்ணினால் மேனுவல் ஓட்டவே முடியாதா?

"ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஜெர்மனியிலும் இங்கிலாந்து மாதிரிதான், கியர் வண்டியைத் தொடவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பழைய கதை. 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே பி197 என்று ஒரு வழி இருக்கிறது. மேனுவல் வண்டியில் குறைந்தது 10 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். பிறகு பயிற்சிப் பள்ளியே குறைந்தது 15 நிமிடம் ஓட்டச் சொல்லிப் பார்த்துச் சான்று தரும். அரசு டெஸ்ட்டை ஆட்டோமேட்டிக்கிலேயே கொடுக்கலாம், லைசென்ஸ் இரண்டுக்கும் செல்லும். அந்த 10 வகுப்பைத் தவிர்த்தால்தான் லைசென்ஸில் 78 என்ற கட்டுப்பாட்டு எண் விழும், அதாவது ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம்.

இங்கிலாந்தில் இந்தக் குறுக்குவழி கிடையாது. மேனுவலில் மறுபடி டெஸ்ட் கொடுத்தே ஆக வேண்டும், தியரி மட்டும் திரும்ப வேண்டாம். அதுவரை கியர் வண்டி என்றால் எல் பலகையும் பக்கத்தில் தகுதியான ஆளும் கட்டாயம். அங்கே ஒருமுறை வண்டி ஆஃப் ஆனாலே ஃபெயில் என்பதும் புரளிதான். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, கண்ணாடி பார்த்து நிதானமாகக் கிளப்பினால் பெரும்பாலும் சின்னப் பிழையோடு போய்விடும். மேட்டில் பின்னால் உருண்டால்தான் வினை. கிளட்ச்சை மெல்ல விடும்போது இன்ஜின் சத்தம் இறங்கி பானெட் லேசாகத் தூக்கும், அதற்கப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும்.