லீவுக்கு எங்க போனீங்க?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வாசலில் அம்மாமார் கூடி நின்று கேட்கிற கேள்வி இது. மூணாறு, ஊட்டி, வாகமண் என்று பதில் வரும். என் முறை வந்தபோது, "வீட்டுலதான் இருந்தோம், நொங்கு வண்டி ஓட்டினோம்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி பாவமாகக் கேட்டாள், "அவரு லீவுக்கு வரலியா?"

வந்தாரே. அதுதான் கதை.

எங்கள் ஜில்லாவில் வளைகுடா வீடுகளுக்கு இது தெரியும். பதினொரு மாதம் போனில் அப்பா, ஒரு மாதம் நேரில் அப்பா. அந்த முப்பது நாளுக்குள் கல்யாண வீடு, துக்கம் விசாரிப்பு, பேங்க் வேலை, பல் டாக்டர். இதற்கு நடுவில் பிள்ளைகளுக்கு நல்ல நல்ல ஞாபகங்களும் உண்டாக்கியாக வேண்டும். அவர் பட்டியலோடுதான் வந்து இறங்கினார்: கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, சிதறால், வட்டக்கோட்டை. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. அவரைப் பார்த்ததும் மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

முதலில் கன்னியாகுமரி. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. உள்ளூர்க்காரர்கள் யாரும் செய்யாத முட்டாள்தனம், தப்பு முழுக்க எங்கள் மேல்தான். 2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். படகுக்கு இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். வள்ளுவர் சிலை 133 அடி, ஒரு அதிகாரத்துக்கு ஒரு அடி என்று அவர் விளக்க, மகன் "தண்ணி வேணும்" என்றான். 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை மகள் என் தோளில் தூங்கியபடியே கடந்தாள்.

ராத்திரி அவர் ஆசையாகக் கேட்டார், "மக்களே, இன்னைக்கு என்னெல்லாம் பாத்தீங்க?"

மகள் யோசித்துவிட்டு, "பாட்டிக்க குடை" என்றாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, பிள்ளை வாடுகிறதே என்று தன் குடைக்குள் அவளைச் சேர்த்துக்கொண்டார். குடையில் ஒரு ஓட்டை. அதன் வழியே விழுந்த வெயில் பொட்டை இவள் உள்ளங்கையில் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். அவளுடைய கன்னியாகுமரி அவ்வளவுதான். அவள் அப்பா முகம் வாடிப்போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா ஒரு குலை நொங்கு வாங்கி வந்தார். தின்று முடித்த கூடுகளில் இரண்டை எடுத்து, நடுவே குச்சியைக் குத்தி, கவைக் கம்பு ஒன்றை வெட்டுகத்தியால் சீவிக் கொடுத்தார். பேரனுக்கு வண்டி தயார். பேத்திக்கு? அவள் நேராகப் போய் அப்பா முன்னால் நின்றாள். அவர் வந்த பிறகு அவளாகப் பக்கத்தில் போனது அன்றைக்குத்தான். அவர் செய்த வண்டியில் ஒரு சக்கரம் பெரிசு, ஒன்று சிறிசு. எப்படித் தள்ளினாலும் கிணற்றுப் பக்கமே திரும்பும். அவளுக்கு அதுதான் வேண்டும். மூன்று நாளில் கூடு சுருங்கிவிடும், அடுத்த வண்டி செய்ய வேண்டும். அவர் விமானம் ஏறுவதற்குள் ஏழு வண்டி ஆயிற்று. பட்டியலில் பிறகு அரண்மனைக்கு மட்டும் போனோம். அதுவும் திங்கட்கிழமை போய், பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் மறுபடி. தக்கலைக்காரி எனக்கே திங்கள் விடுமுறை என்பது மறந்துவிட்டது.

திட்டுகிறவர்கள் திட்டுங்கள், சின்னப் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போவது பெரும்பாலும் நமக்காகத்தான். அதை ஒத்துக்கொண்டு போனால் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டு, அது வெயிலில் அழும்போது "உனக்காகத்தானே இவ்வளவு செலவு" என்று அடிக்கிறார்களே, அதைத்தான் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் மட்டும் மூன்று பிள்ளைகள் அடி வாங்கின. மூன்று வயதுக்கு முன் நடந்தது வளர்ந்த பிறகு அநேகமாக யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதற்கு மேல் நிற்பதும் வீட்டில் அதைப் பேசப் பேசத்தான் நிற்கிறது. பாட்டிக்க குடையை நாங்கள் இதுவரை நூறு தடவையாவது பேசியிருப்போம்.

கடற்கரை பக்கத்தில்தானே, செலவும் இல்லை என்பீர்கள். சரி, மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் ஏறுகிற கரை இது. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். சங்குத்துறையில் கைக்குழந்தையோடு முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

காலாண்டு விடுமுறைக்கு அவர் இல்லை. நானும் பிள்ளைகளுமாக பஸ்ஸில் திருவட்டாறு, அங்கிருந்து ஆட்டோவில் மாத்தூர் தொட்டிப்பாலம், கால்வாய்த் தண்ணீரை நீளத் தொட்டியில் தாங்கிப்போகிற பாலம். பையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஆனால் எனக்கு வசதி வேறு: சின்னக் கைக்குள் அடங்கும், தோலை அவளே உரித்துக்கொள்வாள். மே மாதம் போனால் தொட்டி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகு போக வேண்டும். கீழே பறளியாறு தன்பாட்டுக்கு ஓடும், அதற்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடும். "ஆத்துக்கு மேல ஆறு" என்றான் மகன். 1966-இல் கட்டியது என்று நான் ஆரம்பித்ததை அவன் காதில் வாங்கவே இல்லை. ஒரு இலையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அதோடு கூடவே நடந்தான். இலை ஜெயித்தது.

மகள் கீழே இறங்குகிற படியில் உட்கார்ந்து தூண்களை எண்ணினாள். மொத்தம் 28. அவளுக்கு அப்போது பதினெட்டு வரைதான் தெரியும். பதினெட்டு வந்ததும் மறுபடி ஒன்று.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய்விட்டோம், அவள் கேட்டு. இப்போதெல்லாம் போனில் அவர் முதலில் கேட்பது, "இன்னைக்கு எத்தனை தூண்?" போன சனிக்கிழமை 24 வரை வந்தாள்.

"மீதித் தூணெல்லாம் எங்க மக்களே?" என்றார்.

"அங்கனதான் நிக்குது" என்றாள்.