வரைபடம் முடிந்த பிறகா மக்களின் கருத்து?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள அரசு அலுவலக வளாகமான பாஸ்டன் அரசுச் சேவை மையத்தின் ஹர்லி கட்டடத்தை மறுமேம்பாடு செய்வது குறித்து வெளியான கட்டுரையில், அதற்குப் பொதுக்கூட்டங்களே போதுமான மக்கள் பங்கேற்பு எனக் கட்டுரையாளர் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நிலத்தை யாருக்கு, எந்த நிபந்தனையில், எவ்வளவு காலத்துக்குக் குத்தகைக்கு விடுவது என்பதை முடிவு செய்தபின் முகப்பின் நிறத்தைப் பற்றி மக்களிடம் கேட்பது கலந்தாய்வு ஆகாது. அது அறிவிப்பு மட்டுமே.

கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃபின் ஒருங்கிணைப்பில் 1960-களில் உருவான இவ்வளாகத் திட்டத்தில், நடுவே இடம்பெற்ற உயர்ந்த கோபுரம் கட்டப்படவே இல்லை. ஆகவே, நடுமுற்றம் வெறிச்சோடிக் கிடப்பதற்குக் கான்கிரீட் பாணியை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. சொரசொரப்பான வரிகளைக் கொண்ட அச்சுவர்களை வெறுப்போர் பலர் உண்டு (எனக்கு அவை பிடிக்கும்). ஆனால் ஹர்லி கட்டடத்தின் உள்ளே சிற்பி கோஸ்டான்டினோ நிவோலாவின் சுவரோவியங்கள் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அருகிலிருந்த வெஸ்ட் எண்ட் குடியிருப்பு 1950-களின் இறுதியில் இடிக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்தோரின் எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. அந்த வரலாறு உள்ள நகரில், இதே வளாகத்தில் உள்ள லிண்டெமன் மனநல மையத்தைச் சார்ந்திருக்கும் நோயாளிகளும், அங்குப் பணிபுரியும் ஊழியர்களும், மாலை நேரக் கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் முதலில் அணுகப்பட வேண்டும். இடிப்பது, பகுதியாகத் தக்கவைப்பது, முழுமையாகப் புதுப்பிப்பது ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவையும் கரிம உமிழ்வையும் கணக்கிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அரசு வெளியிட வேண்டும்.