திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை பத்து மணி

கிரிக்கெட்டில் பிட்ச் தயார் செய்பவரும் க்யூரேட்டர், கலைக் கண்காட்சி அமைப்பவரும் க்யூரேட்டர். பின்னவர் முன்னவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. டாஸ் போட்ட பிறகு ஐந்து நாளும் மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் பிட்ச் போடுபவரின் கவலை. ஓவியம், வடிவமைப்பு, ஒலி, எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கலந்து கண்காட்சி போடுகிறவர்கள் பலருக்கு ரிப்பன் வெட்டியதும் கவலை தீர்ந்துவிடுகிறது.

இந்தத் துறையில் பேச்செடுத்தாலே 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ராணுவக் கூடத்தில் நடந்த '9 ஈவினிங்ஸ்' நிகழ்ச்சித் தொடர் வந்துவிடும். பெல் லேப்ஸ் என்ற தொலைபேசி ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் முன்னின்று, 10 கலைஞர்களோடு சுமார் 30 பொறியாளர்களைச் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு படைப்பில் டென்னிஸ் மட்டைக்குள் டிரான்ஸ்மிட்டர். பந்து படும்போதெல்லாம் கூடம் அதிரும், ஒரு விளக்கு அணையும். அருமைதான். ஆனால் அது சில இரவுகள், பொறியாளர்களும் அங்கேயே இருந்தார்கள். நான்கு வருடம் கழித்து ஜப்பானின் ஒசாகா எக்ஸ்போ உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கு. க்ளூவரின் அதே வட்டம். உள்ளே கோளக் கண்ணாடி, 37 ஸ்பீக்கர்கள். வெளியே கட்டடத்தை மூடும் ஃபுஜிகோ நகாயாவின் செயற்கை மூடுபனி. தினசரி நடத்தும் செலவில் தகராறு வந்து, திறந்து அதிக நாள் ஆகுமுன்பே நிர்வாகத்தை பெப்சி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பாடமாக வைக்க வேண்டியது இந்த இரண்டாவது கதைதான்.

முதலில் ஒலி. இடம் ஒதுக்கும்போது கடைசியாக யோசிக்கப்படுவதும், முதலில் புகார் வருவதும் இதில்தான். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள பழைய கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1000 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 700 சதுர மீட்டர். வெறும் சிமென்ட் ஏறத்தாழ 3 சதவீத ஒலியைத்தான் விழுங்கும், ஆக 21. ஒலி அடங்கும் நேரத்துக்கான சூத்திரப்படி 0.161ஐ 1000ஆல் பெருக்கி 21ஆல் வகுத்தால் 7.7. ஒரு சத்தம் 60 டெசிபெல் இறங்க ஏழு நொடிக்கு மேல் ஆகும் என்று அர்த்தம். அதற்குள் பேச்சுள்ள வீடியோ வைத்தால் ஒரு சொல்லும் புரியாது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகை 100 சதுர மீட்டருக்கு மாட்டினால் ஒன்றரை நொடி பக்கம் வந்துவிடும். தெர்மோகோல், முட்டை அட்டை ஒட்டுவதெல்லாம் காசுக்குக் கேடு.

பலகை மாட்டினாலும் பாஸ் என்கிற தாழ்ந்த ஒலி அடங்காது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே நான்கு மீட்டருக்கு மேல். திரைச்சீலையும் ஒற்றை பிளைவுட் தடுப்பும் அதற்கு ஒரு பொருட்டில்லை. இங்கேதான் க்யூரேட்டர் வேலை செய்ய வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒலிப் படைப்புகள் இருந்தால், இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுங்கள்: ஒன்று எட்டு நிமிடம் ஒலிக்கும்போது மற்றது மௌனம். இதற்குக் கலைஞர்கள் இருவரும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். தொங்கவிட்ட பிறகு கேட்டால் சண்டைதான். தலைக்கு மேல் குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் ஒலி பாய்ச்சும் ஸ்பீக்கர் நல்ல தீர்வு மாதிரித் தெரியும். ஆனால் அதில் பாஸ் இருக்காது, கீழே கம்பளம் விரிக்காவிட்டால் தரையில் பட்டு எல்லாப் பக்கமும் தெறிக்கும்.

ஒலிபெருக்கும் ஆம்ப் ஒரு மின் சர்க்யூட்டிலும் கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும் இன்னொன்றிலும் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். உடனே எலெக்ட்ரீஷியன் எர்த் வயரைக் கழற்றப் பார்ப்பார். விடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே சர்க்யூட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் ஆடியோ வழியில் இரு பக்கத்தின் மின் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

புரொஜெக்டருக்கு ஒரே கணக்கு. 5000 லுமென் வெளிச்சத்தை 5 சதுர மீட்டர் திரையில் பரப்பினால் 1000 லக்ஸ். ஜன்னல் வழியாக 200 லக்ஸ் திரையில் விழுந்தால் கறுப்பே கிடையாது, வெளுத்த சாம்பல்தான். வாடகையை இரட்டிப்பாக்கி அதிக லுமென் வாங்குவதைவிட ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிப்பது மேல்.

ஆள் வந்தால் அசையும் படைப்புகளில் பாதி, சென்சாரிடம் தோற்கின்றன. இன்ஃப்ராரெட் கேமரா நேர் வெயிலில் குருடு. சில கறுப்புத் துணிகளும் அதன் கண்ணில் படாது. யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. ஆள் அசைவைப் பார்க்கும் எக்ஸ்பாக்ஸ் கினெக்ட் கேமராவின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே நிறுத்திவிட்டது. அதை நம்பிய படைப்பு என்றால் மாற்றுக்கு ஒன்றைத் தேடி வாங்கி வைத்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா? மாலையில் மெயினைச் சட்டென்று அணைப்பார்கள், ஒருநாள் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். கார்டை எழுத முடியாத நிலையில் அமைத்து, இரண்டு நகல் எடுத்து பெயர் ஒட்டி வையுங்கள்.

மொத்த பட்ஜெட்டில் 15 சதவீதத்தையாவது திறப்பு விழாவுக்குப் பிந்தைய நாட்களுக்கென்று பூட்டி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கேட்லாக்கின் பக்கங்களைக் குறையுங்கள், பரவாயில்லை.

தினமும் காலையில் இதையெல்லாம் போடப்போவது செக்யூரிட்டி அண்ணன். அவருக்குத் தமிழில் ஒரே ஒரு தாள்: முதலில் மெயின், பிறகு புரொஜெக்டர், கம்ப்யூட்டர், கடைசியாக ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் வரும் 'டப்' சத்தம் ஸ்பீக்கரைத் தின்றுவிடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தாளில் இருக்கும் அதே எண்ணை ஒட்டுங்கள். அடியில், கோளாறு வந்தால் கூப்பிட ஒருவரின் செல்போன் நம்பர். அந்த ஆள் கண்காட்சி முடியும்வரை ஊரில் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.