துவரம்பருப்பு பாட்டிலில் ‘பருப்பு’ என்று எழுதி ஒட்டுகிறவர்கள்

எங்கள் நிரல் எழுதும் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனுடைய புல் ரிக்வெஸ்ட் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) நேற்று ரிவ்யூவுக்கு வந்தது. மாற்றியது 40 வரி இருக்கும். விழுந்த கமெண்ட் 19. அதில் 16 ஒரே ரகம்: “இங்கே டைப் போடவில்லை”, “இங்கேயும்தான்”, “மேலே சொன்னதே”. டைப் என்றால், ஒரு பெயருக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா என்று எழுதி வைக்கும் குறிப்பு. கூப்பன் போட்டால் தள்ளுபடி இரண்டு முறை கழிகிற ஒரு ஓட்டை அந்த 40 வரிக்குள்தான் இருந்தது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நாங்கள் எழுதும் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ‘வயது = 30’ என்று எழுதினாலே அது நம்பர் என்று கம்பைலருக்கு (நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கருவிக்கு) தெரிந்துவிடும். 30 கண்ணெதிரே நிற்கிறதே. அப்புறமும் ‘வயது: நம்பர் = 30’ என்று எழுதுவது, நாம் பேச்சில் ‘நடு சென்டர்’ என்று சொல்வோமே, அந்த வகை. காலேஜ் லேபில் சி, ஜாவா மொழிகளைப் படித்து வந்த கை நம்முடையது, டைப் எழுதாமல் வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) வைத்தால் சட்டை போடாமல் வெளியே போன மாதிரி கூச்சம். அந்த ஜாவாவே 2018-ல், 10-ஆம் பதிப்பில், லோக்கல் வேரியபிளுக்கு டைப் எழுத வேண்டாம், ‘வார்’ என்ற சொல்லே போதும் என்று இறங்கி வந்துவிட்டது. சி ஷார்ப்பில் 2007-லிருந்தே இருக்கிறது. நாம்தான் இன்னும் இறங்கவில்லை.

“கூடுதலாக எழுதினால் என்ன கெட்டுப்போகும்?” என்று கேட்பார்கள். கெட்டுப்போகும், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கண்ணாடி பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கிறது. பார்த்தாலே தெரியும். அதன்மேல் ‘பருப்பு’ என்று ஒரு சீட்டு ஒட்டுகிறீர்கள். நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கம்பைலர் அப்படி இல்லை. சீட்டு ஒட்டிவிட்டால் உள்ளே பார்க்காது, சீட்டைத்தான் நம்பும். அப்புறம் சாம்பாருக்குத் துவரம்பருப்பு கேட்டால், “இது வெறும் பருப்புதான், துவரை என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று நிற்கும்.

நடந்ததும் அதுதான். தம்பி முதலில் கான்ஸ்ட் (இதற்கு வேறு மதிப்பு வைக்க மாட்டேன் என்று சொல்லும் சொல்) போட்டு, நிலை = ‘பெய்ட்’ என்று எழுதியிருந்தான். கான்ஸ்ட் என்பதால் அதன் டைப் வெறும் ஸ்ட்ரிங் (ஏதோ ஒரு எழுத்துத் தொடர்) இல்லை, ‘பெய்ட்’ என்ற அந்த ஒரே சொல். ‘பெய்ட்’ அல்லது ‘பெண்டிங்’ மட்டும் வாங்கும் ஃபங்ஷனுக்கு அதை அப்படியே கொடுக்கலாம். ரிவ்யூவில் சொன்னார்களே என்று ‘நிலை: ஸ்ட்ரிங்’ என்று மாற்றினான். உடனே கீழே சிவப்புக் கோடு. ஸ்ட்ரிங் எதுவாகவும் இருக்கலாமே, அந்த ஃபங்ஷன் எப்படி வாங்கும்? பாவம், அதை அடக்க ‘ஆஸ் எனி’ (எதுவானாலும் சரி, சரிபார்க்காதே) போட்டுவிட்டான். பாதுகாப்புக்கு என்று போட்ட டைப், கடைசியில் பாதுகாப்பையே கழற்றி வைத்தது.

பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் ஆப்ஜெக்ட்டில் இன்னும் மோசம். பக்க முகவரிகளை ஒரு ஆப்ஜெக்ட்டில் வைத்து, அதற்கு ‘ரெக்கார்ட், ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங்’ என்று டைப் கொடுத்தால், எந்தெந்தப் பெயர்கள் உள்ளே இருக்கின்றன என்பதைக் கம்பைலர் மறந்துவிடும். ‘ஹோம்’ என்பதை ‘ஹோன்’ என்று தப்பாக அடித்தாலும், சாதாரண செட்டிங்கில், கண்டுகொள்ளாது. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே பிடித்திருக்கும். சரிபார்க்கவும் வேண்டும், மறக்கவும் கூடாது என்றால் ‘சாட்டிஸ்ஃபைஸ்’ என்ற சொல் இருக்கிறது, 2022-ல் டைப்ஸ்கிரிப்டின் 4.9 பதிப்பில் வந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக டைப்பே எழுதாதே என்று சொல்லவில்லை. எவர்சில்வர் டப்பாவுக்குச் சீட்டு வேண்டும். ஏபிஐயிலிருந்து (வேறொரு மென்பொருளிடம் கேட்டு வாங்கும் வழி) வரும் தரவு, ஜேசன் என்ற உரை வடிவத்தைப் பார்ஸ் செய்து (பிரித்து) எடுப்பது, காலி அரே (பட்டியல்), இதெல்லாம் மூடிய டப்பா. வெளி ஃபைல்களுக்கு எக்ஸ்போர்ட் செய்யும் ஃபங்ஷனின் ரிட்டர்ன் டைப்பும் (அது திருப்பித் தரும் மதிப்பின் டைப்) நான் எழுதியே தீருவேன். எழுதாவிட்டால் உள்ளே செய்த தப்புக்கு எங்கோ நாலு ஃபைல் தள்ளி எரர் காட்டும், தேடி அலைய வேண்டும்.

லிண்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 1978-ல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி நிரலைச் சலித்துப் பார்க்க எழுதிய கருவியின் பெயர் அது. துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் லிண்ட் என்று பெயர், அதிலிருந்து வைத்தார்கள். துகளை எடுக்க வந்த கருவியை வைத்துத் துகளை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இன்று டைப்ஸ்கிரிப்ட் நிரலைச் சலிக்கும் அதே வகைக் கருவியான டைப்ஸ்கிரிப்ட் ஈஎஸ்லிண்டில் தேவையில்லாத டைப்பை எடுக்கச் சொல்ல ‘நோ இன்ஃபெரபிள் டைப்ஸ்’ என்று ஒரு விதி, எல்லா இடத்திலும் போடச் சொல்ல ‘டைப்டெஃப்’ என்று இன்னொரு விதி. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முதல் விதியைக்கூட 2023-ல் வந்த 6-ஆம் பதிப்பில் ‘ஸ்டைலிஸ்டிக்’ என்ற தனித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். அதாவது, அது பிழை இல்லை, நடை சம்பந்தப்பட்டது. நடையைக் கருவியே ஃபிக்ஸ் செய்துவிட்டுப் போகட்டும். மனுஷன் உட்கார்ந்து 16 கமெண்ட் எழுத வேண்டிய வேலையா அது?

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் கான்ஃபிக்கில் (கருவியின் அமைப்புக் கோப்பில்) அந்த ‘டைப்டெஃப்’ விதியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்த்தவன் நான்தான். சீனியர் ஆன புதுசு, ஏதாவது ஒழுங்கு கொண்டுவர வேண்டும் என்ற வேகம். விதியை அப்புறம் எடுத்துவிட்டோம், பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இதை எல்லாம் விளக்கி, தள்ளுபடி ஓட்டையையும் குறிப்பிட்டு, ரிவ்யூவில் எழுதிக்கொண்டிருந்தேன். முடிப்பதற்குள் தம்பியிடமிருந்து மெசேஜ்: “அண்ணா, எல்லா இடத்துலயும் டைப் போட்டுட்டேன். 2 பேர் அப்ரூவ் பண்ணிட்டாங்க. மெர்ஜ் பண்ணிடவா?”