கற்றாழை ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பு

கடையில் வாங்கிய கற்றாழை ஜெல் ஒரு கரண்டி எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூள் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கெட்டியாக நின்றது கொஞ்ச நேரத்தில் தண்ணீராக ஓடும். அண்ணி போன வாரம் இதை வீடியோ எடுத்து, "பார்த்தியா, எல்லாம் கெமிக்கல். இது தோலுக்குள்ள போனா என்ன ஆகும்?" என்று அனுப்பியிருந்தார்.

உப்புப் பட்டதும் சுருண்டது, ஜெல்லைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போமர். அக்ரிலிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுச் செய்யும் பாலிமர், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறு. பார்க்க வெள்ளை மாவு. தண்ணீரில் போட்டால் புளிப்பாகத்தான் இருக்கும், கெட்டியாகாது. புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (அல்கலி) கொஞ்சம் சேர்த்ததும் சங்கிலி முழுக்க எதிர்மின்னேற்றம் வந்து, ஒன்றை ஒன்று தள்ளி விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் மாவே தாராளம். உப்பு அந்தத் தள்ளுதலைக் குறைத்துவிடுகிறது, பிடி விட்டுப்போகிறது. ஜெல் தடவினதும் விரலுக்கடியில் சட்டென்று நீர்த்துப் போகிறதே, அதில் நம் வியர்வை உப்புக்கும் பங்கு உண்டு.

தோலுக்குள் போகுமா? 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகளே தோலைத் தாண்டத் திணறும். கார்போமரின் எடை லட்சக்கணக்கில் இருக்கும். கண் வறட்சிக்கு டாக்டர் எழுதித் தரும் ஜெல் சொட்டு மருந்து சிலவற்றிலும் இதுதான் இருக்கிறது. அமெரிக்காவில் அழகுப் பொருட்களை ஆராயும் நிபுணர் குழு 1982-லேயே இது பாதுகாப்பானது என்று முடிவு சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுத் தொட்டியில் கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவாமல் பூசினால் சிலருக்கு அரிக்கும். எனக்கு அரித்திருக்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சில பழைய ரகக் கார்போமர்களைப் பென்சீன் கரைப்பானில் தயாரித்தார்கள். பென்சீன் புற்றுநோய் வரவழைப்பது, அதன் மிச்சம் மாவில் தங்கலாம். அந்த ரகங்களைக் கைவிட்டு வேறு ரகத்துக்கு மாற மருந்துக் கம்பெனிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு கரைப்பானில் செய்த ரகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்த ரகம் என்று டப்பாவில் யாரும் எழுதுவதில்லை, வெறும் "கார்போமர்" என்றுதான் போடுகிறார்கள். நியாயமாக அண்ணி கேட்க வேண்டிய கேள்வி இது. அப்புறம், கழுவி விட்டால் சாக்கடையில் சீக்கிரம் மக்காது. அதுவும் உண்மை.

எனக்குக் கோபம் வேறு ஒன்றில். கெட்டியாக இருப்பதைப் பார்த்து "நல்ல கற்றாழை" என்று நம்புகிறோம். கெட்டி தருவது கார்போமர், உள்ளே கற்றாழை ஒரு சொட்டு இருந்தாலும் ஜெல் அப்படியேதான் நிற்கும். பச்சை நிறமோ சாயம். மடலைச் சீவிப் பாருங்கள், உள்ளே சதைக்கு நிறமே கிடையாது. உருண்டையான அந்தப் பச்சை டப்பாவில் நாம் காசு கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்.

இதையெல்லாம் அண்ணிக்குப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உப்புப் போட்டு வீணாக்கினதை என்ன பண்றது?" என்றார். செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், உப்பு இருக்கிறது என்றேன்.