மனிதக் குழுக்களுக்குத் தனித்தனிப் புள்ளி கிடையாது
அண்ணாச்சி, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரம் அமைத்து ஆடும் கற்பனை விளையாட்டு) விதிப்படி ஒவ்வொரு மனித இனக்குழுவுக்கும் பலம், அறிவுப் புள்ளிகள் வேறு' என்று மேலே ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். விதிநூலில் அப்படி இல்லை.

ஆட்டக்காரர்களுக்கான 2014 கையேட்டில் காலிஷைட், ரஷெமி, ஷூ என 9 கற்பனை மனிதக் குழுக்கள் வருகின்றன. பெயரும் தோற்றமும்தான் வேறு. 6 திறன்களிலும் தலா 1 புள்ளி கூடுவது எல்லாருக்கும் பொது. எல்ஃப், டுவார்ஃப் போன்ற, மனிதரல்லாத கற்பனை இனங்களுக்குப் புள்ளிகள் மாறும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

2024 பதிப்பில் இனத்தை வைத்துப் புள்ளி கூடுவதும் போய்விட்டது. புள்ளி இப்போது பின்னணியோடு, பெரும்பாலும் செய்த தொழிலோடு வருகிறது. பத்தமடையில் பாய் நெய்பவராக ஒரு பாத்திரம் அமைத்து, கைவினைஞர் பின்னணியைக் கொடுத்தால் பலம், லாவகம், அறிவு ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். ஊருக்காக எதுவும் கூடாது, குறையாது.

சரிபார்ப்பது சுலபம். இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ இணையதளமான டி அண்ட் டி பியாண்டில் 2014 பேசிக் ரூல்ஸ் (அடிப்படை விதிகள்) இலவசம். மனிதர் பகுதியைத் திறந்து, குழுப் பெயர்களுக்குக் கீழே எங்காவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாளையங்கோட்டையில் புதிதாக ஆட வரும் பிள்ளைகள் அந்தத் தவறான பதிவை நம்பி ஒதுங்கிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.