நீ எடையைப் பாரு தம்பி

போன ஐப்பசியில் ஒரு அக்கா என்னிடம் சொன்ன ஒரு வரி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. எங்காவது இறக்கி வைக்க வேண்டும், அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் பதினோரு வருடமாக இலை எடை போடுகிறேன். கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். மதியத்துக்கு மேல் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பையில் கட்டி ரோட்டோரத் தகரக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். தராசில் வைத்து, எடையைச் சிட்டையில் எழுதி, கழிவு போக மீதியைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இருட்டுவதற்குள் லாரி வந்து ஃபேக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

கழிவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மழையில் நனைந்த இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும். அதற்குப் பைக்கு இத்தனை கிலோ கழித்துக்கொள் என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் ஆடி மழையை விட ஐப்பசி மழைதான் கனம், தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருக்கிறோம் அல்லவா. அதனால் ஐப்பசி கார்த்திகை வந்தால் என் சிட்டையில் கழிவுக் கட்டம்தான் பெரிதாகத் தெரியும்.

அன்றைக்கு அந்த அக்கா இரண்டு பை கொண்டு வந்தார். கணவர் இல்லை, அரை ஏக்கர் தோட்டம், ஆள் வைத்து எடுக்கக் கட்டாது என்று தானே இலை எடுப்பவர். எங்கள் சபைதான், பின்வரிசையில் உட்காருவார். நாற்பத்து மூன்று கிலோ இருந்தது. கழிவு நாலு, மீதி முப்பத்தொன்பது என்று எழுதி நீட்டினேன்.

"நாலு கிலோவா தம்பி? இது அவ்வளவு ஒண்ணும் நனையலையே."

நான் அடுத்த பையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், "என்னக்கா பண்றது, மேல இருந்து சொல்லிட்டாங்க. விடுங்க, கர்த்தர் பாத்துக்குவாரு" என்றேன்.

"அவரு பாத்துக்கிட்டுதான் இருக்காரு. நீ எடையைப் பாரு தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. காலிச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இத்தனைக்கும் நான் நம்பாத ஒன்றைச் சொல்லவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதை மனதார நம்புகிறவன் நான். எங்கள் மலையில் பாதி ஜீப்புகளின் பின்கண்ணாடியில் 'யேகோவாயீரே' என்று ஒட்டியிருக்கும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம், பைபிளில் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் பெயர். 'கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்' என்ற வசனமும் அங்கேதான் இருக்கிறது. பர்வதத்தில் குடியிருக்கும் நமக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறதே என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன்.

அந்த ராத்திரி அதே அதிகாரத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். 'பார்த்துக்கொள்வார்' என்று அதில் சொல்வது யார்? ஆபிரகாம். எப்போது? ஒரு கையில் நெருப்பு, ஒரு கையில் கத்தி, பக்கத்தில் விறகு சுமந்துவரும் சொந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளையையே பலி கொடுக்க மலை ஏறிக்கொண்டிருக்கும்போது. ஆட்டுக்குட்டி எங்கே என்று பிள்ளை கேட்கிறான். பதில் சொல்ல வேறு ஒன்றும் கையில் இல்லாத மனுஷன் சொன்ன வார்த்தை அது. நானோ தராசுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பேனா என் கையில் இருக்கும்போது சொன்னேன்.

என் அப்பாயியின் வாயில் இந்த வார்த்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். 1964இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் போட்டபோது இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அந்த ஐந்தேகால் லட்சத்தில் அப்பாயியும் ஓர் எண். கப்பல் ஏற முறை வருவதற்குப் பத்து வருடம் ஆனது. கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில் அங்கே தோட்டங்களில் கொடும் பஞ்சம். மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்றே நாளை ஓட்டியதாகச் சொல்லும். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டி, மூன்று பிள்ளைகள். "ஆண்டவரு பாத்துக்குவாருன்னு ஏறுனேன்" என்று சொல்லும்.

ஆனால் வாசலில் வந்து நின்ற ஒருத்தரிடம்கூட அப்பாயி அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வேலை இல்லாத மாதங்களில் பக்கத்து லயன் வீடுகளிலிருந்து யாராவது வந்து நின்றால் "உக்காரு" என்றுதான் முதலில் சொல்லும். அப்புறம் பிடியரிசிப் பானையில் கை விடும். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டுவைக்கும் பழக்கம் நம் சபைகளில் உண்டல்லவா, அந்தப் பானை. மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டு போகும்போது அதில் பாதிதான் இருக்கும். ஒரு முறை ஆயரே கேட்டுவிட்டார், என்னம்மா குறைகிறதே என்று. "வர்ற வழியிலேயே சாமி வாங்கிக்கிட்டாரு ஐயா" என்றது அப்பாயி.

பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே. விசுவாசத்துக்கும் அந்த இலக்கணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் என்று அடுக்கிக்கொண்டே வந்து, ஆபகூக் தீர்க்கதரிசி 'நான் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்று முடிக்கிறார். தன்மை. தொழுவம் காலியாகக் கிடப்பவனைப் பார்த்து நீ மகிழ்ச்சியாயிரு என்று சொல்லவில்லை. முன்னிலையில் பேசிய ஆளை யாக்கோபு தன் நிருபத்தில் பிடி பிடி என்று பிடிக்கிறார். உடுத்தத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவனிடம், ஒன்றும் கொடுக்காமல் 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். குளிர்காய்ந்து! மார்கழிப் பனியில் கொழுந்தெல்லாம் கருகிப்போய், விறகும் நனைந்து கிடக்கும் வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தச் சொல் எவ்வளவு சுடும் என்று புரியும்.

பவுல் பிலிப்பியருக்கு 'உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்' என்று முன்னிலையில்தானே எழுதினார் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி மடக்கினான். நல்ல கேள்வி. ஆனால் அதை எழுதும்போது பவுல் கட்டப்பட்டுச் சிறையில் கிடக்கிறார். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவி அப்போதுதான் அவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கிக்கொண்டவன் கொடுத்தவனைப் பார்த்து மனம் நிறைந்து சொன்ன வாழ்த்து அது. கேட்க வந்தவனைத் திருப்பி அனுப்புவதற்கு அதை எடுத்துப் பயன்படுத்தினால் பவுல் என்ன செய்வார்?

சரி, இலை விலைக்கு வருகிறேன், அது இல்லாமல் இந்தப் பேச்சு நிற்காது. அப்பாவின் பைபிளில் கடைசி வெற்றுத்தாளில் பென்சில் கணக்கு ஒன்று இருக்கிறது. 1998க்கு நேரே பச்சை இலை கிலோ 16 ரூபாய் என்று இருக்கும். இரண்டு வரி தள்ளி, 2000க்கு நேரே 5. நடுவில் விளக்கம் எதுவும் இல்லை. விலை நன்றாக இருந்த காலத்தில் உருளைக்கிழங்குக் காட்டைக்கூடத் தேயிலையாக மாற்றியிருந்தார்கள். தேயிலை என்பது கேரட் மாதிரி இந்தப் போகம் வேண்டாம் என்று விடக்கூடிய பயிர் இல்லை. நட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். விலை இல்லாவிட்டாலும் இலை எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முற்றிப்போய்ச் செடி மேலே ஏறிவிடும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்து எங்களுக்கு இலை விலை. கூலி, உரம், மருந்து எல்லாம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, இது மட்டும் பாம்பு ஏணி ஆட்டம்.

2023 செப்டம்பரில் பச்சை இலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்து வந்தேன். விசுவாசி போராட்டத்துக்கெல்லாம் போகலாமா, ஜெபத்தில் கேட்க வேண்டியதல்லவா என்று ஒரு பெரியவர் கண்டித்தார். லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஒரு விதவை நடையாய் நடந்து நியாயம் கேட்கிறாள். சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுவதற்கு உதாரணமாக ஆண்டவர் காட்டியதே அவளைத்தான். அவள் வீட்டில் முழங்காலில் இருந்ததை அல்ல, போய்ப் போய்க் கேட்டதை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. போனைத் திறந்தால் 'விதை விதையுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள்' என்று கீழே அக்கவுண்ட் நம்பரோடு வரும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் மோதிரத்தை அடகு வைத்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தார்கள். அறுப்பு வரவில்லை, நகைக்கடன் நோட்டீஸ்தான் வந்தது. விசுவாசம் போதவில்லை என்று பதில் சொல்லிவிட்டார்களாம். எடையில் கழிவு போடும் நானே அவர்களுக்குப் பரவாயில்லை போல.

எனக்கும் பண முடை வந்தது. போன வருடம் மூத்தவளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எனக்குச் சொந்தமாக இருக்கும் முக்கால் ஏக்கர் இலைக்காசும் வந்தபாடில்லை. கோத்தகிரி பஜாரில் நாங்கள் சாமான் வாங்குவது ஒரு பாய் கடையில். நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போனதும் வெட்கப்பட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, ஊரிலேயே கால் கிலோ அரைக் கிலோவாக வாங்கினோம். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டார். "நோட்டு எங்கயும் ஓடிப்போகாது. நீங்க எங்க ஓடுறீங்க?" என்று கேட்டு, கடைக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார்.

பஸ்ஸில் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வரும்போது சாறிபாத் விதவை ஞாபகம் வந்தாள். அவள் இஸ்ரவேலுக்கு வெளியே, சீதோனைச் சேர்ந்த ஊர்க்காரி. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு போட, பானையில் ஒரு பிடி மாவு மட்டும் மிச்சமிருந்த அவளைத்தான் ஆண்டவர் பார்த்து வைத்தார். அந்தக் கதையில் மாவுப்பானை நிரம்பி வழிந்தது என்று எங்கேயும் எழுதியில்லை, செலவழிந்துபோகவில்லை என்றுதான் இருக்கிறது. அப்படியானால் தினமும் காலையில் பானையில் தெரிந்தது அடியில் இருந்த அதே ஒரு பிடிதான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நாளைக்கும் இருக்குமா என்ற பயம் தினமும் இருந்திருக்கும். எனக்கு இருக்கிறது. இருக்கும்போதே நம்புகிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எல்லோருக்கும் அரிசி மூட்டை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. எங்கள் தெருவில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. திருப்பூருக்குப் போனவர்கள் இரண்டு வீடு, மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிக்குப் போனது ஒன்று. என்னை விட நன்றாக ஜெபிக்கிறவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஏன் இப்படி என்று யாராவது என்னைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முன்பென்றால் ஒரு வசனம் சொல்லியிருப்பேன். இப்போது போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன், வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் தோட்டத்து இலையை ஆள் விட்டு எடுத்து எடை போட்டுப் பணத்தை அனுப்புகிறேன்.

கழிவை நான் நிறுத்திவிடவில்லை. நிறுத்தவும் முடியாது, நான் கழிவைக் குறைத்து எழுதினால் ஃபேக்டரியில் மொத்தமாகக் குறைப்பார்கள், என் வேலையும் போகும். ஆனால் கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய தார்ப்பாய் இரண்டை இழுத்துக் கட்டி, கீழே மூங்கில் தட்டி போட்டிருக்கிறேன். இலையைக் கொட்டி அரை மணி நேரம் பரப்பி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். இந்த யோசனை பதினோரு வருடமாக ஏன் வரவில்லை என்று என் மனைவி கேட்டாள். லாரிக்காரர் லேட்டாகிறது என்று கத்துகிறார், கத்தட்டும்.

நேற்று அந்த அக்கா வந்தார். காலையில் சாரல் இருந்தது. இலையைத் தட்டியில் பரப்பிவிட்டுப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். எடை முப்பத்தெட்டு. கையை விட்டு அடி இலையை அள்ளிப் பார்த்தேன், பிழிந்தால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. கழிவு ஒன்று. சிட்டையை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டவர், "பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா தம்பி?" என்று கேட்டார். பாதி கட்டியாச்சுக்கா என்றேன். காலிப் பையை உதறப்போனவர் நிறுத்தி, அடியில் கை விட்டு நாலு மேரக்காயை எடுத்துத் தராசின் மேல் வைத்தார்.

"இதுக்குக் கழிவு போட்டுறாத."

இன்றைக்கு வீட்டில் மேரக்காய்க் கூட்டு.